புதுப்பிப்பு: 1600-இல் எடுத்த எச்பி5 பிலிம், கூத்துப் படங்கள் தேறின

செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்தை ஒளியுணர்வு வேகம் 400 உள்ள எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை பிலிமில், ஒளி அளக்கும் மீட்டரை 1600-இல் வைத்து, அதாவது பிலிமுக்குத் தேவையான வெளிச்சத்தில் கால் பங்கே கொடுத்து எடுத்தேன்; நெகட்டிவ் ஏன் வெளிறிப்போனது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

1600-இல் எடுத்ததைக் கூடுதல் நேரம் கழுவ வேண்டும்; நானோ 400-க்கான ஏழரை நிமிடமே ஐடி-11 என்ற டெவலப்பரில் (படத்தைத் தெரியவைக்கும் கரைசல்) கழுவியிருக்கிறேன், அதுதான் பிழை. அடுத்த கூத்துக்குப் போய் இன்னொரு சுருள் எடுத்தேன். மைக்ரோஃபென் என்ற வேறொரு டெவலப்பர் கரைசலை மேலும் நீர் சேர்க்காமல், 20 டிகிரியில் 11 நிமிடம் வைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. எங்கள் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. பிலிம் கழுவும் டேங்கைப் பனிக்கட்டி போட்ட வாளியில் நிறுத்தி வெப்பத்தைப் பிடித்தேன். மீட்டரை மேடை முழுவதற்கும் வைக்காமல் முகத்துக்கு மட்டும் வைத்ததும் உதவியது, பின்னாலிருந்த விளக்கு முன்பு மீட்டரை ஏமாற்றியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. கடைசி ஆறு படங்களை அதே சுருளில் 800-இல் எடுத்தேன். அவற்றில் கறுப்பு உடையின் மடிப்புகள் தெரிகின்றன. 1600-இல் அவை முழு இருட்டு. கழுவும் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சப் பகுதிதான் அடர்த்தியாகிறது, பிலிமில் பதியாத நிழல் திரும்பி வருவதில்லை. ஆனாலும் அரிதாரம் பூசிய முகமும் கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகளும் 1600-இல் அப்படி மின்னுகின்றன! படத்தில் தெரியும் பிலிம் துகள் பெரிதுதான், எனக்குப் பிடித்திருக்கிறது.