மார்க் போடுவது ஒருத்தர், அதை மாற்றிக் கணக்குப் போடுவது வேறொருத்தர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லுக்கட்டி அப்பா
பையன் 2021 பத்தாம் வகுப்பு பேட்ச். அந்த வருஷச் சான்றிதழ் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, மார்க் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். ப்ளஸ் டூவில் அறுநூறுக்கு 552, அதாவது 92 சதவீதம். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். ஜிபிஏ (அங்கே பெரும்பாலும் நாலுக்குப் போடும் சராசரி) எத்தனை, எத்தனைக்கு எத்தனை என்று இரண்டு கட்டம் இருந்தது. ஏஜெண்ட் 92ஐ 25ஆல் வகுத்து 3.68 என்று போட்டார். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வகுத்தல்.

பத்து நாளில் மெயில் வந்தது. பள்ளி கொடுத்த மார்க்கை அப்படியே அனுப்புங்கள், மாற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. கூடவே, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாலு வருஷ மார்க்கும் வேண்டும், பத்தாவதில் ஏன் ஒன்றுமே இல்லை என்றும் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் லெட்டர்பேடில், கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை, மாநிலம் முழுக்க எல்லாருக்கும் தேர்ச்சி என்று இரண்டே வரி எழுதினார். சீல் குத்தப் போனால் ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடக்கிறது. கிளார்க் தண்ணீர் தெளித்து அமுக்கினார், வட்டம் பாதிதான் விழுந்தது. இன்னொரு தடவை குத்துங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இடம் கிடைத்துவிட்டது, அது வேறு விஷயம். இன்றைக்கும் அந்தப் பாதி வட்டம் கண்ணிலேயே நிற்கிறது.

தேவகோட்டைக்காரி
எங்கள் வீட்டில் மாற்றிக் கணக்குப் போட்டது அப்பத்தாதான். அக்கா 2018, ஆயிரத்து இருநூறுக்கு எழுதிய கடைசி செட். 1080. நான் அடுத்த வருஷம், அறுநூறுக்கு எழுதிய முதல் செட். 540. ரெண்டும் தொண்ணூறு சதவீதம். ரிசல்ட் அன்றைக்கு முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் மார்க்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “அக்காளுல பாதிதானாத்தா? சரி விடு, ஒடம்பு சொகமில்லாம இருந்தே” என்றார்கள். வளவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எவ்வளவு விளக்கியும் அவர்களுக்கு ஏறவில்லை, கடைசி வரை நான் பாதிதான்.

இதைவிட எரிச்சல், இஞ்சினியரிங் கவுன்சிலிங்கில் சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு மார்க்கை ஏற்றிப் போடுகிறார்களாமே, அதுதான்.

சிபிஎஸ்இ அம்மா, காரைக்குடி
யாரும் ஏற்றிப் போடவில்லை. எந்த போர்டாக இருந்தாலும் அந்தப் பாடத்தில் முதல் மார்க்கை நூறாக வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த போர்டில் முதல் மார்க் 90 என்றால் 60 எடுத்தவனுக்கு 66.66 ஆகும். அங்கேயும் ஒருத்தன் நூறு வாங்கிவிட்டால் பைசா மாறாது. ஊரே இதைச் சொல்லித் திரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் கதை வேறு. 2014இல் மகள் பத்தாவதில் சிஜிபிஏ 9.4. அப்போது சிபிஎஸ்இ பத்தாவதில் மார்க்குக்குப் பதில் பத்துக்கு இத்தனை என்று போடும் கிரேடு சராசரி அது. ப்ளஸ் ஒன்னுக்கு இங்கேயே ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் போனோம். முதல் குரூப்புக்குத் தொண்ணூறு வேண்டும். கவுன்ட்டரில் இருந்தவர் 9.4ஐப் பார்த்ததும் 94 என்று எழுதிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “சார், 9.5ஆல் பெருக்கணும், 89.3தான் வரும்” என்றேன். அவர் அடித்துவிட்டு 89.3 என்று எழுதினார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த ஃபைலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காமர்ஸ் கிடைத்தது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பள்ளத்தூர்
அம்மா, நீங்கள் சொன்னது சரியான கணக்கு. உச்ச கிரேடான ஏ1 வாங்கிய பிள்ளைகளின் மார்க் சராசரி 95 பக்கம் வந்தது, அதைப் பத்தால் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். ஆனால் அவரே 94 என்று எழுதும்போது நானாக இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்லுக்கட்டிக்காரர் கவனிக்க: 25ஆல் வகுப்பது அடி முட்டாள்தனம். நம் ஊரில் அறுபது வாங்கினாலே முதல் வகுப்பு. 25ஆல் வகுத்தால் அது 2.4 ஆகிவிடும், அங்கே அது சுமாருக்கும் கீழே. முப்பத்தைந்துக்குப் பாஸ் போடும் ஊர் மார்க்கை அறுபதுக்குப் பாஸ் போடும் ஊர் மார்க்கோடு நேராக நிறுத்தக் கூடாது.

ஜெர்மனிக்காரன் இதை ஒழுங்காகச் செய்கிறான். அதிகபட்ச மார்க்கில் உங்கள் மார்க்கைக் கழி. அதிகபட்சத்தில் பாஸ் மார்க்கைக் கழி. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. 80 வாங்கியவனுக்கு, பாஸ் மார்க் 35 என்றால் 1.92. அதே 80க்குப் பாஸ் மார்க் 50 என்று எழுதினால் 2.2. அங்கே 1தான் உச்சம், 4 வரை பாஸ், எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். ஆகவே பாஸ் மார்க் எவ்வளவு என்று பள்ளியில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், எல்லாரும் முன்பக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஏஜெண்டை ஃபார்ம் நிரப்ப விடாதீர்கள். பெயரின் இனிஷியல் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

என் அனுபவம் சின்னது. பேரன் இங்கே ஒரு வருஷம் இஞ்சினியரிங் படித்துவிட்டு அங்கே போட்டான். 1.92 என்று வந்ததும் என் வீட்டம்மா, “ரெண்டு மார்க்கு கூட வாங்கலையாங்க?” என்று கேட்டார்கள்.

செக்காலை 2021
எங்கள் ப்ளஸ் டூ செட்டுக்கும் பரீட்சை நடக்கவில்லை. பத்தாவதில் நல்ல மார்க் வந்த மூன்று பாடத்தின் சராசரிக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 என்று பிரித்துப் போட்டார்கள். பத்தாவதில் நான் ராத்திரி பகலாகப் படித்தது சமூக அறிவியல். மூன்றில் அது வரவில்லை.

தேவகோட்டைக்காரி
சிபிஎஸ்இ அம்மா, ஏற்றிப் போட்டார்கள் என்று நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்த 89.3 பற்றி மகள் பிறகு எப்போதாவது பேசியிருக்கிறாளா?

சிபிஎஸ்இ அம்மா, காரைக்குடி
ஒரு தடவை. அவள் கல்யாணத்துக்கு மொய் எழுதும்போது, கூட்டல் சரியா என்று நான் ரெண்டாம் தடவை பார்த்தேன். “விடும்மா, ரவுண்டா போட்டுக்க” என்றாள்.