காற்புள்ளியைக் கற்றுத் தந்த பெரியவர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆலயச் சிறப்பு மலர் ஒன்றைத் தொகுக்க உதவியபோது, நாளிதழில் நெடுங்காலம் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் நிறுத்தக்குறிகளைக் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர் இலக்கண நூல் எதையும் திறக்கவில்லை. மலருக்கு வந்திருந்த கட்டுரையிலிருந்து, "நேற்று வந்த ஆசிரியரின் மகன் பேசினார்" என்னும் வரியைக் காட்டி, "நேற்று வந்தவர் யார், தம்பி?" என்று கேட்டார். ஆசிரியர் என்றும் கொள்ளலாம், மகன் என்றும் கொள்ளலாம் என்றேன். 'வந்த' என்பதன் பின் அவர் ஒரு காற்புள்ளி இட்டதும், அந்தப் பெயரெச்சம் ஆசிரியரை விட்டு மகனைத் தழுவிக்கொண்டது.

தமிழில் பெயரெச்சம், தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்பது. இடையில் வேறொரு பெயர் புகுந்தால் இத்தகைய பொருள்மயக்கம் எளிதில் நேர்ந்துவிடும். நீண்ட வாக்கியங்களைத் திருத்தும்போது இந்த இடத்தையே நான் முதலில் பார்க்கிறேன்.

அவர் வற்புறுத்திய மற்றொன்று, காற்புள்ளி வேண்டாத இடம். "அப்பாவும் அம்மாவும் தம்பியும் வந்தனர்" என்னும்போது 'உம்' என்னும் இடைச்சொல்லே பெயர்களை இணைத்துவிடுகிறது. "அப்பா, அம்மா, தம்பி ஆகியோர் வந்தனர்" என்னும்போதுதான் குறி தேவை. மலாயிலும் ஆங்கிலத்திலும் அன்றாடம் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைப் பள்ளியிலேயே அழுத்தமாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. அச்சு நூல்களின் வழியாகவே அவை தமிழில் பரவின. அவற்றை உரைநடையில் முறையாகக் கையாண்ட முன்னோடியான ஆறுமுக நாவலரைப் (1822–1879) பற்றிப் பேசும்போது பெரியவரின் குரலில் தனிப் பெருமிதம் இருக்கும். ஒரே எழுவாய் பல பயனிலைகளைக் கொள்ளும்போது இடும் அரைப்புள்ளியின் (;) மீது எனக்கு ஏற்பட்ட விருப்பமும் அவர் தந்ததே. இன்று பலர் அதைக் கைவிட்டு, எல்லா இடத்திலும் காற்புள்ளியையே இட்டுச் செல்வது எனக்கு வருத்தம் தருகிறது. உணர்ச்சிக்குறியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒன்று போதும், மூன்று வேண்டாம் என்றார்.

நேர்கூற்றை 'என்று' தொடரும்போது, மேற்கோள்குறிக்குள் முற்றுப்புள்ளி இடாமல் விடுவதே அவர் வழக்கம். வாக்கியம் அங்கே முடியவில்லை என்பதால் நானும் அதையே பின்பற்றுகிறேன். பினாங்கு நண்பர்கள் தங்கள் மலர்களில் எவ்வாறு செய்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.