சிறுநீரகக் கல் இருந்தவருக்கு விமானி மருத்துவச் சான்று: எங்கள் வீட்டு அனுபவம்

சிறுநீரகக் கல் இருந்ததைப் படிவத்தில் எழுதினால் விமானி ஆகும் வாய்ப்பே போய்விடும் என்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பலரும் உறுதியாகச் சொன்னார்கள். பிளஸ் டூ படிக்கும்போது என் மகனுக்கு வந்த கல், ஸ்டான்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபின் தானாகவே வெளியேறிவிட்டதால், எழுதாமல் விடுவதே புத்திசாலித்தனம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு உண்மையை மறைப்பது, பிற்காலத்தில் நோயைவிடப் பெரிய வில்லங்கமாகும். மகனும் எழுதவே விரும்பினான்.

விமானப் பயிற்சிக்கு முதலில் தேவைப்படும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றுக்காக, டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் சென்றபோது, அவர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டுப் புதிய வயிற்று ஸ்கேன் கேட்டார். அதில், எந்த வலியும் தராமல் இடது சிறுநீரகத்தில் 6 மி.மீ. கல் ஒன்று தங்கியிருப்பது தெரிந்தது. "தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதிய மருத்துவர் காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்: "தம்பி, கல் சிறுநீரகத்துக்குள் இருக்கும்வரை சும்மா இருக்கும், குழாய்க்குள் இறங்கிவிட்டால் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். அது எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது." விமானத்தின் வறண்ட காற்றும், கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் வழக்கமும் கல் உருவாகத் துணைபோகும் என்றும் கூறினார்.

வாழைத்தண்டுச் சாறு அன்றாடம் வந்து சேர்ந்தது. ஆனால் கல்லை அகற்றியது லேசர் சிகிச்சைதான். அதன்பின் கல் எதுவும் மிச்சமில்லை என்று காட்டும் சிடி ஸ்கேனும், மீண்டும் கல் உருவாக்கும் கோளாறு உடலில் உண்டா என்று பார்க்கக் கால்சியம், யூரிக் அமிலம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்பட்டன. இவற்றுள் பெரும்பாடு 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்புதான். காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலையின் முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டும் விடாமல் லேப் தந்த கேனில் சேர்க்க வேண்டும். நான்கு குடித்தனங்களுக்கு ஒரே கழிப்பறை உள்ள எங்கள் வீட்டில், அந்தக் கேனைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பினாயில் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போகாமல் காப்பதே தனி வேலையாக இருந்தது.

அறிக்கைகளைப் பார்த்தபின் இரண்டாம் வகுப்புச் சான்று கிடைத்தது. வணிக விமானி உரிமத்துக்கான முதல் வகுப்புப் பரிசோதனை, பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் நடந்தது. அங்கும் கல்லைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். ஆவணங்கள் தேதி வரிசையில் இருந்ததால் பேச்சு விரைவில் முடிந்து, கண், காது, இசிஜி என்று மற்றவற்றுக்குப் போய்விட்டார்கள். நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு முதல் வகுப்புச் சான்று 12 மாதங்களுக்குச் செல்லும் என்பதால், புதுப்பிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி திரும்ப வரும். எனவே ஸ்கேன் அறிக்கையோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இரண்டையும் கேட்டார்கள்.