மறு: ‘பல்ப் அட்வென்ச்சர்’ படத்துக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

பிள்ளைகளுக்கு ராத்திரி முழுக்க வரிசையாப் போடப்போற ‘பல்ப் அட்வென்ச்சர்’ படங்களுக்குப் பேரா ஐயா முன்வச்ச ‘மரக்கூழ்ச் சாகசம்’ எனக்கு ஒட்டல. மட்டமான மரக்கூழ்த் தாள்ல அச்சடிச்ச மலிவு விலைக் கதைப் பத்திரிகைதான் பல்ப், வாஸ்தவம், ஆனா எங்க காரைக்குடிப் பக்கம் கூழ்னா குடிக்கிறதுதான். அண்ணன் சொன்ன ‘சாணித்தாள் சாகசம்’ அதைவிடத் தேவலை, பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குற மாத நாவல் வாசம் அப்படியே அடிக்குது. ஆனாலும் படத்துக்கு அது நிக்காது.

ஏன்னா காட்டுவாசி டார்சான் 1912லயும் முகமூடி வாள்வீரன் சோரோ 1919லயும் பத்திரிகைக் கதையாத்தான் முதல்ல வந்தாங்க, அதனால 1932 டார்சானும் 1940 சோரோவும் சாணித்தாள் கணக்குல வந்துரும். 1933ல வந்த ராட்சசக் குரங்குப் படம் கிங் காங் சினிமாவுக்குன்னே யோசிச்ச கதை. இண்டியானா ஜோன்ஸோட முதல் படம் ரைடர்ஸ் 1981ல வந்துச்சு, அதுவும் எந்தத் தாள்லயும் வந்த கதை இல்ல. தாளைப் பாத்துப் படம் பொறுக்கினா இந்த ரெண்டையும் வெளிய தள்ளணும், அப்புறம் பிள்ளைக நம்மளை வீட்டை விட்டே வெளிய தள்ளிரும்.

இதுகளுக்கு எல்லாம் பொதுவா என்ன இருக்குன்னா, அந்தக் காலத்துல தியேட்டர்ல வாரம் ஒரு பகுதியா சீரியல் ஓட்டுவாங்க, 1936ல வந்த விண்வெளிக் கதை ஃப்ளாஷ் கார்டன் அப்படி 13 பகுதி, ஒவ்வொண்ணும் ஹீரோ செத்தான்டான்னு தோணுற இடத்துல நிக்கும், அடுத்த வாரம் வந்தாத்தான் தப்பிச்சானான்னு தெரியும். கதையை யோசிச்ச லூகாஸும் இயக்குன ஸ்பீல்பெர்க்கும் அதை மனசுல வச்சுத்தான் ரைடர்ஸை எடுத்தாங்க. உருண்டு வர்ற பாறையிலேர்ந்து தப்பிச்சா பாம்புக் குழி, அதுலேர்ந்து ஏறினா லாரிச் சண்டை.

இதுக்கு நம்ம ஜோசியருங்க வாயிலயே வார்த்தை இருக்கு: கண்டம். ‘பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்’னு சொல்றோமே அதேதான். கண்டம்னா துண்டு, பகுதின்னும் பொருள் இருக்கு. பகுதிக்குப் பகுதி உயிருக்கு ஆபத்து வர்ற படம், கண்டப்படம். ‘ப்’ விட்டுப்போனா கண்ட படம் ஆயிரும்னு ஐயா சொல்வீங்க. ஆகட்டுமே, ‘கண்ட கதையெல்லாம் படிக்காதே’ன்னு வாங்கிக் கட்டிக்கிட்ட சரக்குதானே இது?

இப்படி ராத்திரி முழுக்கப் படம் போடுற மாரத்தானுக்கு ‘நெடுந்தொடர் காட்சி’ எல்லாம் வேண்டாம், ‘விடிய விடிய’ போதும், சிவராத்திரிக்குக் கொட்டகையில அப்படித்தான ஓட்டுனாங்க.

— — —

தம்பி,

கண்டம்னா ஆசியாக் கண்டமும் நெனப்பு வருதேன்னு முதல்ல தயங்கினேன், படம்னு ஒட்டினப்புறம் அந்தக் குழப்பம் இல்ல. எனக்குச் சம்மதம். ஆனா உங்க அளவுகோல்படி நம்ம ஊர்ல ஏவிஎம் எடுத்த நாம் இருவர் 1947 தேறுமா? எங்க ஆச்சி அதைப் போடாம விடமாட்டாக.

— — —

அண்ணே,

தேறாது. பாட்டு இருக்கு, பாரதி இருக்கு, கண்டம் இல்ல. ஆச்சிக்கு அதை மத்தியானம் தனியாப் போட்டுருவோம். ராத்திரிக்கு நம்ம பக்கத்துலேர்ந்து ஆயிரத்தில் ஒருவன் 1965 இருக்கட்டும், அடிமைத்தீவு, கடல், கொள்ளைக்கப்பல்னு கண்டத்துக்குப் பஞ்சமே இல்ல. முதல்ல காங், அப்புறம் சோரோ, பிள்ளைக கண்ணு சொக்குற நேரத்துக்கு எம்ஜிஆர், கடைசியா ரைடர்ஸ். டார்சானை விட்டாச்சு, அதுல ஆப்பிரிக்கா மக்களைக் காட்டியிருக்கிற விதம் இப்பப் பார்க்கச் சகிக்கல. காங்லயும் தீவு மக்களை அந்த லட்சணத்துலதான் காட்டியிருக்கான், ஆனா அந்தக் குரங்கை விட மனசு வரல, பிள்ளைககிட்ட முன்கூட்டியே சொல்லிட்டுப் போடுவோம்.

ஒண்ணு மட்டும், வீட்டுப் பட்டாலைச் சுவத்துல நேராப் புரொஜெக்டர் அடிக்காதீங்க, முட்டை கலந்து பூசின சுவர் கண்ணாடி மாதிரி மின்னுது, நடுவுல வெளிச்சப் பொட்டு விழுந்து ஹீரோ மூஞ்சியே தெரியல. மடிப்பு இல்லாத எட்டு முழ வேட்டி ஒண்ணை இழுத்துக் கட்டினா சரியாயிரும். ஒம்பதுக்கு ஆரம்பிப்போம், சீடையும் தேன்குழலும் உங்க வீட்டுலேர்ந்து.