கோழியை நிறுத்தியும் நாய்க்கு அரிப்பு குறையவில்லை. அடுத்து என்ன கொடுப்பது?

கேள்வி

கலப்பினப் பெண் நாய். வயது 4, எடை 20 கிலோ, கருத்தடை ஆனது. வருடம் முழுக்கப் பாதங்களை நக்குகிறாள். காது அடிக்கடி சிவந்து நாற்றமெடுக்கிறது. ஒரு நாளைக்கு 4 முறை மலம் கழிக்கிறாள், கடைசி முறை இளகிப் போகிறது. கோழி சேர்ந்த பாக்கெட் உணவை நிறுத்திவிட்டு, ஆட்டிறைச்சி என்று பெயர் போட்ட உலர் உணவு கொடுத்து 3 வாரம் ஆகிறது. மாற்றமே இல்லை. ரத்தப் பரிசோதனை செய்தால் எந்த உணவு ஆகவில்லை என்று தெரியுமா? வீட்டில் சமைத்துக் கொடுப்பதென்றால் எதை, எவ்வளவு?

பதில் 1

ரத்தம், எச்சில், முடி இவற்றை வைத்துச் செய்யும் உணவு ஒவ்வாமைப் பரிசோதனைகளில் பணத்தைப் போடாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத நாய்க்குக்கூட அவற்றில் 'அலர்ஜி' என்று முடிவு வருவதுண்டு. நம்பத்தக்க வழி ஒன்றுதான்: பழைய உணவு அத்தனையையும் நிறுத்தி, புதிய புரதம் ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்ப்பது.

இதற்கு 3 வாரம் போதாது. வயிறு 2 முதல் 4 வாரத்தில் சரியாகத் தொடங்கும், தோல் மெதுவாகத்தான் ஆறும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 8 வாரத்துக்குள் குணம் தெரிந்துவிடுகிறது. 3 வாரத்தில் பலனில்லை என்று உணவை மாற்றிக்கொண்டே போனால் கடைசிவரை எதுவும் பிடிபடாது.

இன்னொன்று, பையின் முன்பக்கத்தில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஆட்டிறைச்சி உணவு என்று விற்பதன் பின்பக்கத்தைப் படித்தால் கோழிக் கொழுப்பு, முட்டைத் தூள், கோழி ஈரல் சுவையூட்டி என்று இருக்கும். பட்டியலில் இல்லாத இறைச்சியும் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஒரே இயந்திரத்தில் பல வகை தயாரிப்பதும் இதற்கு ஒரு காரணம்.

கோழிதான் குற்றவாளி என்று முன்கூட்டியே முடிவு செய்யவும் வேண்டாம். 2016-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில் உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களின் விவரம் இருக்கிறது. அவற்றில் மாட்டிறைச்சி ஆகாதவை 34 சதவீதம், பால் பொருள் ஆகாதவை 17, கோழி 15, கோதுமை 13. மாட்டிறைச்சி ஆகாத நாய்க்கு ஆட்டிறைச்சியும் ஆகாமல் போகலாம், இரண்டின் புரதங்களும் ஒத்தவை. கோழிக்குப் பதில் வாத்து, வான்கோழி என்று போவதிலும் இதே ஆபத்து உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் காதையும் பாதத்தையும் காட்டி, பூஞ்சையோ பாக்டீரியாவோ இருக்கிறதா என்று பஞ்சில் ஒற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தொற்று இருந்தால் உணவை எவ்வளவு மாற்றினாலும் அரிப்பு நிற்காது. தெள்ளுப்பூச்சி, சொறி இரண்டும் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

பதில் 2

சமையலுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவு என்று ஒன்று உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காண முடியாத அளவுக்குப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்திருப்பார்கள். சத்துக் கணக்கும் அதிலேயே சரியாக இருக்கும். முடிந்தால் அதையே எடுங்கள். குட்டிகளுக்கு என்றால் வீட்டுச் சமையல் வேண்டவே வேண்டாம், எலும்பு வளர்ச்சி கெடும்.

வீட்டில்தான் என்றால், அவள் இதுவரை வாயில் வைக்காத இறைச்சி ஒன்று, மாவுச்சத்து ஒன்று. முயல், பன்றி, மீன் இவற்றில் எது புதிதோ அது. கூட உருளைக்கிழங்கு அல்லது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. 20 கிலோ எடையுள்ள, கருத்தடை ஆன நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 950 கிலோகலோரி தேவை. பன்றி இறைச்சி என்றால் இப்படி:

கொழுப்பு நீக்கி வேகவைத்தது 250 கிராம்
தோல் உரித்து வேகவைத்த உருளைக்கிழங்கு 400 கிராம்
தாவர எண்ணெய் 1 மேசைக்கரண்டி
கால்சியத்துக்கு முட்டை ஓட்டுத் தூள் அரை தேக்கரண்டி

எடை எல்லாம் வெந்த பிறகு எடுத்தது. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. முதல் நாளே முழுக்க மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அதை ஒவ்வாமை என்று தவறாக எண்ணிக்கொள்வீர்கள். 7 நாளில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏற்றுங்கள். 8 வாரக் கணக்கு பழைய உணவு முழுதாக நின்ற நாளிலிருந்துதான் தொடங்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், 20 கிலோ 19-க்கு இறங்கினால் அளவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

பதில் 3

மேலே சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். முட்டை ஓடு சோதனைக் காலத்தில் வேண்டாம். உள்சவ்வில் முட்டைப் புரதம் ஒட்டியிருக்கும். சுவை சேர்க்காத கால்சியம் கார்பனேட் தூள் நாளுக்கு 3 கிராம் கலந்தால் ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியம் கிடைக்கும், இந்த அளவு உணவுக்கு அது சரி. இறைச்சி, கிழங்கு, கால்சியம் மட்டும் இருக்கும் இந்த உணவில் துத்தநாகம், அயோடின், சில வைட்டமின்கள் குறைவு. வளர்ந்த நாய் 8 வாரம் தாங்கும். அதற்கு மேல் நீட்டுவதானால் விலங்கு ஊட்டச்சத்து நிபுணரிடம் கணக்குப் போட்டு வாங்க வேண்டும்.

கேட்டவர்

நன்றி. இரண்டு சந்தேகம். மாதாமாதம் உண்ணிக்கு மெல்லும் மாத்திரை கொடுக்கிறோம், அதை நிறுத்த வேண்டுமா? 8 வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டால் அப்படியே அந்த உணவைத் தொடரலாமா?

பதில் 3

உண்ணி மருந்தை நிறுத்தாதீர்கள், வடிவத்தை மாற்றுங்கள். மெல்லும் மாத்திரையில் மாடு, பன்றி, சோயா இவற்றில் ஏதோ ஒரு சுவை சேர்ந்திருக்கும். முதுகில் விடும் சொட்டு மருந்து கிடைக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது இப்படிப்பட்ட சின்னச் சின்ன வழிகளில்தான். சுவையூட்டிய பற்பசை, மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் சீஸ், ஜெலட்டின் உறை போட்ட மீன் எண்ணெய், கடிக்கக் கொடுக்கும் தோல் எலும்பு, பூனையின் தட்டு, பூனையின் மலம், குழந்தை சாப்பிடும் நாற்காலிக்குக் கீழே விழும் பருக்கை. ஒரு வாய் போதும், அரிப்பு திரும்பிப் பல நாள் நீடிக்கும். பரிசு கொடுக்க வேண்டுமென்றால் அதே இறைச்சியை வேகவைத்துச் சிறு துண்டாக்கி, அடுப்பில் உலர்த்தி, அன்றைய 250 கிராமிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி சமையலறையில் எழுதி ஒட்டுங்கள். தப்பித் தவறி ஏதாவது தின்றுவிட்டால் தேதியோடு குறித்து வையுங்கள், மறைக்க வேண்டாம்.

பதில் 1

இரண்டாவது சந்தேகத்துக்கு: நின்றதோடு விடக்கூடாது. பருவம் மாறியதாலோ, தொற்றுக்குக் கொடுத்த மருந்தாலோகூட அரிப்பு நின்றிருக்கலாம். 8 வாரம் முடிந்ததும் பழைய உணவை வேண்டுமென்றே திரும்பக் கொடுங்கள். உணவுதான் காரணம் என்றால் சில மணி நேரத்திலிருந்து 14 நாளுக்குள் அரிப்பு மறுபடி வரும். வந்ததும் உடனே புதிய உணவுக்குத் திரும்புங்கள். அப்போதுதான் உணவு ஒவ்வாமை உறுதி. 14 நாளிலும் ஒன்றும் ஆகவில்லையென்றால் தூசி, மகரந்தம் பக்கம் பார்க்க வேண்டும்.

உறுதியான பிறகு எது ஆகாது என்று பிரித்தெடுக்கலாம். சோதனை உணவோடு வெந்த மாட்டிறைச்சி மட்டும் 2 வாரம். அரிப்பு வந்தால் நிறுத்தி, முழுதாக அடங்கிய பிறகு அடுத்தது கோழி. பிறகு பால், கோதுமை. ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்த்தால் எது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பாலில் மட்டும் கவனம்: அரிப்பே இல்லாமல் வயிறு மட்டும் இளகினால் அது பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததாக இருக்கலாம், அளவைப் பொறுத்தது.

முதல் வாரங்களில் அரிப்பு தாங்க முடியவில்லையென்றால் மருத்துவர் மருந்து தரலாம், கொடுங்கள், அவள் வதைபட வேண்டியதில்லை. ஆனால் கடைசி 2 வாரமாவது மருந்தில்லாமல் பார்க்க வேண்டும். அதற்கு 8 வாரத்தை 10 ஆக்கினாலும் பரவாயில்லை.