டிபி ஆப்பரேட்டர் ஆகணும், கம்மி செலவுல வழி இருக்கா? படிக்க மெட்டீரியல் எங்க கிடைக்கும்?

முத்துநகர்_மேட்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தூத்துக்குடி, செகண்ட் மேட் எஃப்ஜி (வெளிநாடு போற கப்பல்ல ஆஃபீசர் ஆகற பரீட்சை) முடிச்சு பல்க் கேரியர்ல தேர்ட் ஆஃபீசரா ரெண்டு காண்ட்ராக்ட் ஓட்டியாச்சு. இப்ப ஆஃப்ஷோர் பக்கம், அதான் கடல்ல எண்ணெய் எடுக்கற இடத்துக் கப்பலுக்கு, வரலாம்னு பாக்குறேன், வீட்ல குழந்தை பிறந்திருக்கு, ஆறு மாசம் ஏழு மாசம்னு போறது இனி முடியாது. ஆனா கப்பலுக்கு ஆள் எடுக்கற எந்த மேனிங் ஆபீஸ்ல கேட்டாலும் மொத கேள்வியே "டிபி இருக்கா"ங்கறாங்க. டிபினா டைனமிக் பொசிஷனிங், நங்கூரம் போடாம கம்ப்யூட்டரும் த்ரஸ்டரும் (கப்பலைப் பக்கவாட்டுலயும் தள்ளுற ப்ரொப்பல்லர்) வச்சு கப்பலை ஒரே இடத்துல நிறுத்தறது, அதை ஓட்டறதுக்கான சர்ட்டிஃபிகேட்டைத்தான் கேக்கறாங்க. சரி பண்ணிடலாம்னு இன்ஸ்டிட்யூட்ல விசாரிச்சா இண்டக்‌ஷன், சிமுலேட்டர் ரெண்டும் சேர்த்து சொல்ற ஃபீஸ் எனக்கு மூணு மாச சம்பளத்துக்கு மேல வருது. அதுவும் போன காண்ட்ராக்ட் காசு பாதி வீட்டுக் கடனுக்கே போயிடுச்சு. இதுக்கு நடுவுல ஒரு ஏஜெண்ட் போன் பண்ணி கோர்ஸ், சீ டைம் (கப்பல்ல சேர்க்க வேண்டிய நாள் கணக்கு), வேலை எல்லாம் ஒரே பேக்கேஜ், பாதி இப்ப பாதி அப்புறம்ங்கறார். வீட்டுக்காரம்மா நகையை வச்சுக் கட்டிடலாம்ங்கறா, எனக்குத்தான் மனசு ஒப்பல.

ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, செலவு கம்மியா முடிக்க வழி என்ன. ரெண்டாவது, கோர்ஸுக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சு வச்சுக்க ஃப்ரீயா இல்ல கம்மி விலைல ஏதாவது இருக்கா, வாட்ஸ்அப்ல கொஸ்டின் பேங்க்னு ஒரு பிடிஎஃப் சுத்துதே அது நம்பலாமா?

டெக்_கார்த்தி

ப்ரோ அந்த ஏஜெண்ட் நம்பரை மொதல்ல பிளாக் பண்ணுங்க. நான் 2018ல இதே மாதிரி ஒருத்தர்கிட்ட கட்டினேன், பேர் வேண்டாம். இண்டக்‌ஷன் மட்டும் நெஜமாவே நடந்துச்சு, அதுக்கப்புறம் "கப்பல் வருது, கப்பல் வருது"னு எட்டு மாசம். கடைசில ஒரு லாக்புக் பக்கத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பி இதுல கையெழுத்து வாங்கித் தரேன், இன்னும் கொஞ்சம் கட்டுங்கன்னார். கப்பல் பேரைப் பாத்தா அந்தத் தேதில அது டாக்ல நிக்குது. நான் ஏறாத கப்பல்ல, டாக்ல நின்ன கப்பல்ல, எனக்கு டிபி நாள். மாட்டினா டிபி சர்ட்டிஃபிகேட் மட்டுமில்ல, ஆஃபீசர் சர்ட்டிஃபிகேட்டான சிஓசியே போயிருக்கும். காசு திரும்பி வரல, சரி போகட்டும்னு விட்டுட்டேன்.

ஆழ்கடல்_கேப்டன்

தம்பி, மும்பை ஹை எண்ணெய் வயல்லயும் வளைகுடாலயும் டைவிங் சப்போர்ட் கப்பல்ல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கோ, இது காசு கட்டி ஒரே மூச்சுல வாங்குற சர்ட்டிஃபிகேட் இல்ல. நம்ம ஆளுங்க அதிகமா எடுக்கறது லண்டன் நாட்டிகல் இன்ஸ்டிட்யூட் ஸ்கீம். அதுல இண்டக்‌ஷன் கோர்ஸும் பரீட்சையும் முடியணும், அப்புறம் கப்பல்ல 60 டிபி நாள், அப்புறம் சிமுலேட்டர் கோர்ஸ், மறுபடி 60 டிபி நாள், கடைசில இவன் தனியா டிபி வாட்ச் பாப்பான்னு மாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போடணும். அன்லிமிட்டட் (எல்லா வகை டிபி கப்பலுக்கும் செல்லறது) வேணும்னா டிபி-2 இல்ல டிபி-3 கப்பல்ல, அதாவது ஒரு பாகம் ஃபெயிலானாலும் இடத்துல நிக்கற வகைல, நாள் சேரணும், முழுக்க டிபி-1லயே ஓட்டினா லிமிட்டட்தான். இதுல பெருசா காசு கொடுக்க வேண்டிய இடம் அந்த ரெண்டு கோர்ஸும் கடைசி அப்ளிகேஷன் ஃபீஸும் மட்டும்தான், மிச்சம் எல்லாம் கப்பல்ல உக்கார்ற நேரம். அதனால ரெண்டு கோர்ஸையும் சேர்த்து இப்பவே கட்டச் சொன்னா கட்டாதே. நடுவுல 60 நாள் இல்லாம சிமுலேட்டருக்கு உன்னை உக்கார வைக்கவே முடியாது, அந்தக் காசு அவங்க கையில சும்மா கிடக்கும்.

இன்னொண்ணு, முழு ப்ராசஸும் அஞ்சு வருஷத்துக்குள்ள முடியணும். கப்பல் கையில இல்லாம இண்டக்‌ஷன் முடிச்சிட்டு மூணு வருஷம் பல்க்கர்லயே சுத்தின பசங்களை நிறைய பாத்திருக்கேன். என் யோசனை, சப்ளை கப்பல்லயோ, ரிக்கோட நங்கூரத்தை எடுத்துப் போடற ஆங்கர் ஹேண்ட்லர்லயோ வாட்ச் கீப்பரா ஏற வழி பாரு, சம்பளம் கொஞ்சம் குறைச்சலா இருந்தாலும் பரவாயில்ல. இண்டக்‌ஷன் மட்டும் முடிச்சவனை ட்ரெயினியா ஏத்திக்கிற கம்பெனி உண்டு, ரெண்டாவது கோர்ஸுக்குக் கம்பெனியே கட்டுறதும் உண்டு, ஆனா கேக்கணும், அவங்களா சொல்ல மாட்டாங்க. எந்த இன்ஸ்டிட்யூட்டா இருந்தாலும் நாட்டிகல் இன்ஸ்டிட்யூட் சைட்ல இருக்கற அக்ரெடிட்டட் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாத்துட்டு மும்பை, கொச்சி, சென்னைனு ரேட்டை ஒப்பிட்டுக்கோ, தங்கற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு, பல பேர் அதை மறந்துடறாங்க.

இப்ப படிக்கற விஷயம். கொஸ்டின் பேங்க் பிடிஎஃப் வேண்டாம்பா. அதுல பாதி பழைய கேள்வி, பதிலும் தப்பு. உண்மையான மெட்டீரியல் ஃப்ரீயாவே கிடக்கு, யாரும் தொடறதில்ல. ஐஎம்ஓவோட, அதான் ஐநாவோட கப்பல் அமைப்போட, எம்எஸ்சி சர்குலர் 1580, 2017ல வந்தது, நாப்பது அம்பது பக்கம் எல்லாம் இல்ல, சின்னது, டிபி-1, 2, 3னா என்னன்னு அதுலதான் இருக்கு. கப்பல் 2017 ஜூன் 9க்கு முன்னாடி கீல் போட்டது, அதாவது கட்ட ஆரம்பிச்சதுன்னா 1994ல வந்த பழைய 645 சர்குலர். அமெரிக்கால மரைன் டெக்னாலஜி சொசைட்டினு இருக்கு, அவங்க டிபி கமிட்டி சைட்ல ஆப்பரேஷன்ஸ் கைடன்ஸ் இருக்கு, 1997லேர்ந்து ஹூஸ்டன்ல நடக்கற மாநாட்டுக் கட்டுரைங்களும் இருக்கு, ஒரு ரூபா கிடையாது. கப்பலைப் பரிசோதிச்சு தரச் சான்று கொடுக்கற ஏபிஎஸ், டிஎன்வி ரூல்ஸும் ஃப்ரீ டவுன்லோட்தான், ஆனா அது இப்ப உனக்குத் தலைவலி, அப்புறம் பாத்துக்கலாம்.

இதையெல்லாம் விடப் பெரிய மெட்டீரியல் நீ ஏறப்போற கப்பல்லயே இருக்கு, எஃப்எம்இஏ. எது ஃபெயிலானா எது போகும்னு அந்தக் கப்பலுக்குன்னே எழுதின புத்தகம். நான் ட்ரெயினியா ஏறினப்ப ஒரு கலர் பென்சில் பாக்ஸ் வாங்கிட்டுப் போனேன், சிரிக்காதே. பவர் டயக்ராமை ஜெராக்ஸ் எடுத்து போர்ட் (இடது பக்க) ஸ்விட்ச்போர்டுல இருந்து போறதெல்லாம் சிவப்பு, ஸ்டார்போர்டு (வலது) பச்சை. ஜெனரேட்டர், த்ரஸ்டர், யுபிஎஸ், கைரோ (திசை காட்டறது), விண்ட் சென்சார்னு ஒவ்வொண்ணா. நைட் வாட்ச் முடிச்சு எஞ்சின் கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து பண்ணுவேன், செகண்ட் எஞ்சினியர் "என்ன சார் டிராயிங் கிளாஸா"ன்னு ஓட்டுவார். நாலாவது நாள் ஒரு இடத்துல கை நின்னுடுச்சு, மூணு விண்ட் சென்சார்ல ரெண்டு ஒரே யுபிஎஸ்ல தொங்குது. அந்த யுபிஎஸ் போனா மிச்சம் ஒண்ணு. கிண்டல் பண்ணின செகண்ட் எஞ்சினியரே வந்து பக்கத்துல உக்காந்து பாத்தார். அந்தப் பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு. எந்த கோர்ஸ்லயும் இது கிடைக்காது, காசும் ஆகாது. கூடவே ஆன்யுவல் ட்ரையல்ஸ் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் படி, போன வருஷம் எது நெஜமாவே ஃபெயில் ஆச்சுன்னு அதுல தெரியும்.

சாந்தமான_ஸ்வெல்

எனக்கு ஒரு சந்தேகம் கேப்டன், தப்பா எடுத்துக்காதீங்க. டிபினா பட்டனை அமுக்கிட்டு காபி குடிச்சிட்டு ஸ்க்ரீனைப் பாக்கறதுதானே, அதுக்கு இவ்ளோ படிக்கணுமா?

ஆழ்கடல்_கேப்டன்

ஒழுங்கா போற வரைக்கும் காபிதான், நானும் குடிக்கிறேன். 2005 ஜூலை 27, மும்பை ஹை நார்த் எண்ணெய் ப்ளாட்ஃபார்ம் ஞாபகம் இருக்கா? சமுத்ரா சுரக்ஷாங்கற சப்போர்ட் கப்பல்ல கை அடிபட்ட ஒருத்தரை பாஸ்கெட்ல ப்ளாட்ஃபார்முக்கு ஏத்தணும், மழைக்கால அலை, த்ரஸ்டர்ல பிரச்சினை, மேனுவல்ல கொண்டு வந்து நிறுத்தினாங்க. கப்பல் ரைசர்ல, அதான் கடலடிக்கும் ப்ளாட்ஃபார்முக்கும் நடுவுல கேஸ் போற குழாய்ல, இடிச்சு கேஸ் லீக்காகி தீப்பிடிச்சு ப்ளாட்ஃபார்மே போயிடுச்சு, 22 பேர் செத்தாங்க. டிபி இல்லாம கையால ஓட்டத் தெரியணும், அதைவிட எப்ப கிட்டப் போகக் கூடாதுன்னு தெரியணும். ட்ரெயினி காலத்துல திறந்த கடல்ல, பக்கத்துல எதுவும் இல்லாதப்ப, மாஸ்டர்கிட்ட கேட்டு ஜாய்ஸ்டிக்ல ஓட்டிப் பழகு. இதுவும் ஃப்ரீதான்.

வடகடல்_ரூபன்

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், இப்ப நோர்வேயில பெர்கன் பக்கம் இருக்கிறன். கப்பலை விட்டிட்டன், ஆனா டிபி மேசையில பதினொரு வருசம் இருந்தனான். கேப்டன் சொன்னதோட ஒரு ரெண்டு விசயம் சேர்க்கிறன்.

ஐஎம்சிஏ எண்டு கடல் வேலை ஒப்பந்தக் கம்பெனியளின்ர ஒரு அமைப்பு இருக்குத்தானே, அவை டிபி ஈவென்ட் புல்லட்டின் எண்டு போடுவினம், அது ஆரும் எடுத்துப் படிக்கலாம். கப்பல் பேர் இருக்காது, என்ன நடந்தது, என்ன அலாரம் வந்தது, ஆப்பரேட்டர் என்ன செய்தவர் எண்டு சின்னதா இருக்கும். நான் படிச்ச விதம் இதுதான்: முதல் பாதியை மட்டும் வாசிச்சிட்டு மிச்சத்தைக் கையால மறைச்சுப்போட்டு, நானா இருந்தா இப்ப என்ன செய்வன் எண்டு ஒரு தாளில எழுதுவன். பிறகு திறந்து பாப்பன். முதல் பத்தில ஏழெட்டுப் பிழை. வெக்கமா இருந்தது, ஆனா கப்பலில பிழை விடுறதுக்கு இது பரவாயில்லை.

மற்றது, கப்பல் எங்க நிக்குது எண்டு சொல்லுற ஜிபிஎஸ், லேசர் மாதிரி ரெஃபரன்ஸ் சிஸ்டம் நல்லா விளங்க வேணும். டிபி-2 எண்டால் வேலை நேரத்தில குறைஞ்சது மூண்டு வேணும், மூண்டும் ஒரே வகையா இருக்கக் கூடாது எண்டு சர்குலரிலயே இருக்கு. ஏன் எண்டு புத்தகத்தில படிச்சா மனசில நிக்காது, நான் கண்டதைச் சொல்லுறன். எங்கட சப்ளை கப்பல் ப்ளாட்ஃபார்ம் பக்கத்தில நிக்குது, லேசர் அங்க பூட்டின ரிஃப்ளெக்டரைப் பாத்துக்கொண்டிருக்கு. மேல ஒருத்தர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற மினுக்குப் பட்டி ஒட்டின கவரால் போட்டுக்கொண்டு அந்த ரிஃப்ளெக்டருக்கு முன்னால நடந்து போறார். லேசர் ஆளோட சேர்ந்து நடக்கத் தொடங்கிட்டுது! ஸ்க்ரீனில லேசர் புள்ளி மட்டும் மெதுவா விலகிப் போகுது, ரெண்டு ஜிபிஎஸ்ஸும் அசையேல்ல. மற்ற ரெண்டும் இருந்ததால சிஸ்டம் லேசரை வெளிய தள்ளிட்டுது. லேசர் மட்டும் எண்டு இருந்திருந்தா கப்பலும் அந்த மனுசனுக்குப் பின்னால போயிருக்கும். இதைத் திருப்பிப் போட்டும் யோசியுங்கோ, ரெண்டு ஜிபிஎஸ்ஸும் ஒரே நேரத்தில ஒரே மாதிரிப் பிழைச்சா, சரியாச் சொல்லுற லேசரைத்தான் சிஸ்டம் தள்ளும்.

சில கன்சோலில ட்ரெயினர் மோடு இருக்கு, துறைமுகத்தில கட்டி நிக்கேக்க மாஸ்டரிட்ட அனுமதி கேட்டு அதில விளையாடிப் பாருங்கோ. காசு கட்டி வீட்டில சிமுலேட்டர் வாங்கத் தேவையில்லை.

முத்துநகர்_மேட்

கேப்டன், ரூபன் அண்ணா, கார்த்தி ப்ரோ, ரொம்ப நன்றி. ஏஜெண்டை பிளாக் பண்ணிட்டேன், நகை பத்திரமா இருக்கு, வீட்லயும் சொல்லிட்டேன். நேத்து ராத்திரி 1580 டவுன்லோட் பண்ணி பாப்பா தூங்கினப்புறம் படிச்சேன். நாட்டிகல் இன்ஸ்டிட்யூட் போடற கைப்புத்தகம் ஒரு சீனியர்கிட்ட பழசு இருக்காம், தரேன்னார். ரெண்டு சந்தேகம். டிபி நாள்னா நாள் முழுக்க டிபில நிக்கணுமா? அப்புறம் வொர்ஸ்ட் கேஸ் ஃபெயிலியர் டிசைன் இன்டென்ட்னு ஒண்ணு வருது, மூணு தடவை படிச்சும் மண்டைல ஏறல.

டெக்_கார்த்தி

நாள் முழுக்க வேண்டாம் ப்ரோ, ரெண்டு மணி நேரமாவது டிபில இருந்தா அது ஒரு நாள் கணக்கு. ஆனா வாட்ச் முடிஞ்ச உடனே லாக்புக்ல எழுதி அன்னன்னிக்கே கையெழுத்து வாங்கிடுங்க. சைன் ஆஃப் அன்னிக்கு மொத்தமா வாங்கிக்கலாம்னு விட்டு, மாஸ்டர் முந்தின ஹெலிகாப்டர்ல போயிட்டதால 19 நாளுக்குக் கையெழுத்து வாங்க நான் ரெண்டு மாசம் மெயில் போட்டிருக்கேன்.

ஆழ்கடல்_கேப்டன்

அந்த ரெண்டாவதுக்கு நான் சொல்றேன். கப்பலைக் கட்டும்போதே டிசைன் பண்றவன் முடிவு பண்றான், ஒரே ஒரு ஃபால்ட் வந்தா அதிகபட்சம் எவ்ளோ போகலாம்னு. உதாரணத்துக்கு பஸ் டை (ரெண்டு ஸ்விட்ச்போர்டையும் இணைக்கற சுவிட்ச்) திறந்திருக்கு, போர்ட் ஸ்விட்ச்போர்டு மொத்தமா போச்சு, அதோட முன்னாடி ஒரு டனல் த்ரஸ்டர், பின்னாடி ஒரு அசிமத் (சுத்தித் திருப்பற த்ரஸ்டர்) போகும். மிச்சத்தை வச்சு கப்பல் அதே இடத்துல நிக்கணும், அதுக்கு மேல எதுவும் போகக் கூடாது. இதான் அது. இப்ப அடிக்கற காத்துலயும் அலையிலயும் அந்த மிச்சம் போதுமான்னு கம்ப்யூட்டர் ஓயாம கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும், அதுக்குப் பேர் கான்சிக்வன்ஸ் அனாலிசிஸ், போதாதுன்னா அலாரம் கொடுக்கும். கப்பல் அப்ப நல்லாதான் நின்னுக்கிட்டு இருக்கும், அதனால புதுசா வர்ற பசங்க அந்த அலாரத்தை அக்னாலெட்ஜ் பண்ணிட்டு விட்டுடறாங்க. நீ விடாதே, உடனே சீனியர் டிபி ஆப்பரேட்டரைக் கூப்பிடு. கப்பல் கிடைச்சதும் எஃப்எம்இஏல மொதல்ல அந்த பக்கத்தைத்தான் தேடு, பென்சில் எடுத்துட்டுப் போ.