புதுப்பிப்பு: வீ ரிமோட் பற்றி அவசரப்பட்டுவிட்டேன்

போன வாரம் நின்டெண்டோவின் வீ கேம் கன்சோலை இயக்கும் பழைய வீ ரிமோட் கைக்கு வந்ததும் இங்கே ஓர் இழை தொடங்கினேன். டிவி ரிமோட் மாதிரி ஒற்றைக் கையில் பிடிப்பது வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் திரையில் சுட்டி தவளை மாதிரித் தாவுகிறது, டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் சென்சார் பார் போய்விட்டது என்று புலம்பியிருந்தேன். அதில் பாதி தப்பு.

பெயரைப் பார்த்து ஏமாந்தேன். சென்சார் பார் எதையும் உணர்வதே இல்லை! இரு முனையிலும் ஐந்தைந்து அகச்சிவப்பு எல்இடி, அவ்வளவுதான். பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. ஃபோன் கேமராவைப் பாரின் பக்கம் திருப்பினேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத விளக்குகள் ஊதா நிறத்தில் மினுங்கின. ஆக, அது உயிரோடுதான் இருக்கிறது.

அப்புறம் யார் குற்றவாளி? டிவிக்குப் பக்கத்து ஜன்னல். மாலை வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே, ரிமோட் குழம்பிவிட்டது. திரைச்சீலையை இழுத்து மூடினேன், தாவல் நின்றது.

டென்னிஸ் கேம் பற்றி அந்த இழையில் சொன்னதை மட்டும் மாற்றமாட்டேன். முழுக் கையை வீசினாலும் சோபாவில் சாய்ந்து மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து ஒரே மாதிரிதான் போகிறது. 2006ல் வந்த இந்த ரிமோட்டுக்குள் அசைவை அறிய இருப்பது, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி மட்டும்தான். கை திரும்புவதைச் சரியாக அளக்கும் கைரோ, 2009ல் மோஷன் பிளஸ் என்ற தனித் துண்டாக வந்தது. அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

மணிக்கட்டுப் பட்டை எதற்கு என்று கேட்டிருந்தேன். சரி, பதில் கிடைத்துவிட்டது. பூச்சாடிதான் பாவம்.